அத்தையின் தட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்தர்களாக இருந்தால் ஆண்டாள். பட்சணப் பிரியர்களாக இருந்தால் பால்கோவா. இரண்டிலும் சேராத பேர்வழிகளுக்கு அரசாங்க முத்திரையிலே இருக்கும் கோபுரம். எனக்கோ, அங்கே இருக்கும் என் அத்தை.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. முகூர்த்தம் மறுநாள்தான். ஆனால் அத்தை வீட்டில் ஒரு பகல் சாப்பாடு சாப்பிடாமல் கல்யாணத்துக்குப் போனால், அப்புறம் ஏழு ஜன்மத்துக்கும் எனக்கு மன்னிப்புக் கிடையாது. ஆகவே முதல் நாளே போய்ச் சேர்ந்தேன்.

அத்தை வீடு மடவார் வளாகத்தில் இருக்கிறது. வீட்டில் மாமா, அத்தை, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கும் மகன், இரண்டாவது பிரசவத்துக்காக வந்திருக்கும் மகள், அவளுடைய ஐந்து வயதுப் பையன் ஆகிய ஐந்து பேர். அன்று என்னையும் சேர்த்து ஆறு.

பன்னிரண்டரை மணிக்கு இலை போட்டாயிற்று. முருங்கைக்காய் சாம்பார், கொத்தவரங்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, வெள்ளரிக்காய்ப் பச்சடி, ரசம், மோர். கடைசியில் ஆளுக்கொரு கீற்றாக ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம். மாமா, அத்தை மகன், நான், பொடியன் நால்வரும் உட்கார்ந்தோம். அத்தையும் அவள் மகளும் பரிமாறினார்கள்.

“கூட்டு இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோய்யா. பட்டணத்துல இதெல்லாம் எங்க கிடைக்கப் போகுது?” என்றாள் அத்தை.

“அத்தை, போதும்.”

“என்ன போதும்? காக்காய் கொத்தின மாதிரி சாப்பிடுற!”

நான் காக்காய் அல்ல, யானை என்பதை அடுத்த பத்து நிமிஷத்தில் நிரூபித்துவிட்டேன். கூட்டு மூன்று முறை வந்தது. கொத்தவரங்காய் இரண்டு முறை. மாம்பழம் எத்தனை கீற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பொடியன் மாத்திரம் காய்கறி அத்தனையையும் இலையின் ஓரத்தில் கோட்டைச் சுவர் மாதிரி ஒதுக்கிவைத்துவிட்டு, அப்பளத்தோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டான்.

சாப்பிட்டதும் திண்ணையில் ஒரு குட்டித் தூக்கம். இரண்டு மணி சுமாருக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையற்கட்டுப் பக்கம் போனேன். போயிருக்க வேண்டாம். அல்லது, நல்ல வேளை போனேன் என்றும் சொல்லலாம்.

அத்தையும் மகளும் அப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் ரசஞ்சாதம். ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். கூட்டு இருந்த பாத்திரம் வழித்து எடுக்கப்பட்டுக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மகளுடைய தட்டில் கொத்தவரங்காய் ஒரு பிடி இருந்தது. அத்தையின் தட்டில் அதுவும் இல்லை. அவள் கையில் ஒரு மாங்கொட்டை மட்டும் இருந்தது. பழத்தை எங்களுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டுக் கொட்டையைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தாள்!

“என்ன அத்தை, கூட்டு இல்லையா?” என்று கேட்டேன். கேட்கும்போதே அது எங்கே போயிற்று என்று என் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது.

“எங்களுக்கு ரசம் போதும்யா. சாப்பிட்டவுக வயிறு நிறைஞ்சாச் சரி” என்றாள் அத்தை. அதில் வருத்தமோ குறையோ கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

*

சாயங்காலம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போனோம். மடவார் வளாகத்துக்குப் பெருமையே அந்தக் கோயில்தான். சுவாமிக்குப் பெயர் வைத்தியநாதர். அம்பாள் சிவகாமி. பெயரில் மாத்திரம் வைத்தியர் இல்லை. தொழிலும் செய்திருக்கிறார் என்கிறது ஸ்தல புராணம். பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்குத் தாயின் வடிவத்திலே வந்து பிரசவம் பார்த்தாராம். மதுரை மன்னர் திருமலை நாயக்கருக்கு இருந்த தீராத வயிற்று வலி இங்கே வந்த பிறகு தீர்ந்தது என்றும் சொல்வார்கள்.

நாயக்கரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலே பூஜை முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் அவர் மதுரையில் சாப்பிட உட்காருவாராம். டெலிபோன் இல்லாத காலம். ஆகவே வழி நெடுகிலும் மண்டபம் கட்டி, அதில் நகரா வைத்தார்கள். இங்கே பூஜை முடிந்ததும் முதல் நகரா முழங்கும். அது காதில் விழுந்ததும் அடுத்த மண்டபத்து நகரா முழங்கும். இப்படியே ஒலி மதுரைக்குப் போய்ச் சேர்ந்ததும் ராஜா கையைக் கழுவிக்கொண்டு உட்காருவார்.

இதை மாமா வெகு ரசனையோடு சொன்னார். நான் கேட்டுக்கொண்டே அத்தையைப் பார்த்தேன். அவளும் இத்தனை வருஷமாக எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவள்தான். ஆனால் அவளுக்காக நகரா அடிப்பார் யாரும் இல்லை.

பிராகாரத்தைச் சுற்றி வரும்போது அத்தை மகள் சற்றுப் பின்தங்கினாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறி இருந்தது.

“என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல அத்தான். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது. ரத்தம் குறைச்சலா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாக.”

“எவ்வளவு இருக்கிறதாம்?”

“எட்டே முக்கால்னாக.”

கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே அது சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவளுக்கு எட்டே முக்கால்!

“மாத்திரை கொடுத்தார்களா?”

“குடுத்தாக. தின்னா வயித்தைப் பிரட்டுது. அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள்...”

வைத்தியநாதர் சந்நிதியிலே நின்றுகொண்டு இந்த வாக்குமூலம்! நான் சுவாமியைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எந்த வைத்தியரும் முதலில் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பார்: “என்ன சாப்பிட்டாய்?” அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் என்ன பதில் என்று பகல் இரண்டு மணிக்கே நான் பார்த்துவிட்டேனே!

*

என் அத்தை வீட்டு விஷயத்தைப் பத்திரிகையிலே எழுதுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. அதே வயது ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத்தான். மாதா மாதம் ஏற்படும் ரத்த இழப்பும், பிள்ளைப்பேறும் இதற்குப் பெரிய காரணங்கள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், இழப்பு யாருக்கு அதிகமோ அவர்களுக்கல்லவா சாப்பாட்டில் முதல் பங்கு போக வேண்டும்? நாம் அதைத் தலைகீழாக அல்லவா நடத்திக்கொண்டிருக்கிறோம்!

இந்த விஷயத்திலே நம் ராஜதானியில் நடந்த ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும்.

குன்னூரிலே, 1918-ல், பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையிலே ராபர்ட் மக்கரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஆகார ஆராய்ச்சியை ஆரம்பித்தார். பிற்பாடு அவர் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாப் சீக்கியர் சாப்பாடு. இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு. இன்னொன்றுக்கு மராட்டியர் சாப்பாடு. இன்னொன்றுக்கு நம்முடைய மதராஸிச் சாப்பாடு.

பரீட்சை முடிவு என்ன தெரியுமா? சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதல் வகுப்பில் தேறின. நம்முடைய மதராஸி எலிகள் வகுப்பிலேயே கடைசி! கோதுமைதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். சீக்கியர் சாப்பாட்டிலே பால், பருப்பு, பச்சைக் காய்கறி, கீரை, பழம் எல்லாம் கலந்து இருந்தன. நம்முடையதிலே தீட்டித் தீட்டி வெளுத்த அரிசிதான் மலை மாதிரி. காய்கறி, ஊறுகாய் அளவுக்கு. பால், பேருக்கு. அரிசி செய்த குற்றம் இல்லை. அரிசியைத் தவிர வேறொன்றும் போதிய அளவு இல்லாததே குற்றம்.

அந்தக் குன்னூர் ஆராய்ச்சிக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

இன்னொரு கதை. இது எலிகளோடு நிற்கவில்லை. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய லேடி டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள், கர்ப்ப காலத்திலே ஒரு வகைக் கொடிய சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கிருமி என்று எல்லோரும் தேடினார்கள். இந்த அம்மாள் கிருமியோடு நிற்காமல் சமையற்கட்டையும் விசாரித்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். ஆகாரம் எவ்வளவுக்கெவ்வளவு மட்டமோ, அவ்வளவுக்கவ்வளவு சோகை அதிகம் என்று தெரிந்தது.

பிறகு அவரும் குன்னூருக்கு வந்தார். சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். ரொட்டியில் தடவிக்கொள்ளும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தால் அந்தச் சோகை தீருகிறது என்று 1931-ல் எழுதினார். அதில் இருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. “வில்ஸ் சத்து” என்றே அதை அழைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1941-ல், அமெரிக்காவிலே டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்துப் பிழிந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீன் பாஷையிலே இலைக்கு ‘ஃபோலியம்’ என்று பெயர். ஆகவே அதற்கு ‘ஃபோலிக் அமிலம்’ என்று நாமகரணம் செய்தார்கள். லூசி வில்ஸ் தேடிய சத்தும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையிலே இரும்புச் சத்தும் இந்த ஃபோலிக் அமிலமும் சேர்ந்து இருக்கின்றன. பம்பாய் மில் பெண்களுக்காக ஆரம்பித்த தேடல், மில் ஊரான ராஜபாளையத்துப் பக்கம் இருக்கும் என் அத்தை மகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவளோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறாள்!

இதையெல்லாம் அன்றிரவு அவளிடம் சொன்னேன். வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் டாக்டரம்மாளிடம் அதைச் சொல்லி யோசனை கேட்க வேண்டுமே தவிர, மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்றேன். எட்டே முக்காலுக்குக் கீரை மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையும் வேண்டும், கீரையும் வேண்டும்.

*

மறுநாள் கல்யாணம். கல்யாண இலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் முன்னோர்கள் ஆகார சாஸ்திரத்தைப் புஸ்தகத்தில் எழுதி வைத்தார்களோ இல்லையோ, வாழை இலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கேரட்டும் பாசிப்பருப்பும் போட்ட கோசுமரி. வாழைக்காய் வறுவல். கீரைக் கூட்டு. மாங்காய்ப் பச்சடி. மஞ்சள் பூசணி. பருப்பு. தயிர். ஒரு பழம். போதாததற்கு அவியல். அவியல் என்பது ஒரு கறி அல்ல, ஒரு காய்கறி மார்க்கெட்! சேனை, வாழை, முருங்கை, புடலை, பூசணி, அவரை, மாங்காய் எல்லாம் தேங்காயோடும் தயிரோடும் சமாதானமாக ஒரே பாத்திரத்தில் குடித்தனம் செய்கின்றன.

ஏன் இத்தனை வகை? ஒரே காயில் எல்லாச் சத்தும் கிடையாது. மஞ்சள் பூசணி, கேரட், மாம்பழம் ஆகியவற்றின் மஞ்சளிலே இருக்கும் கரோட்டின், உடம்பிலே ‘ஏ’ வைட்டமினாக மாறிக் கண்ணைக் காக்கிறது. அதை உடம்பு ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ வேண்டும். கீரையிலே இரும்பும், சுண்ணாம்புச் சத்தும், நம் லூசி வில்ஸ் அம்மாள் தேடிய சத்தும் இருக்கின்றன. ஆனால் கீரையின் இரும்பு கொஞ்சம் கஞ்சத்தனமானது. லேசில் ரத்தத்திலே சேராது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் இருக்கும் ‘ஸி’ வைட்டமின் துணைக்கு வந்தால் அது இணங்கும். சாப்பிட்ட உடனே காப்பியோ டீயோ குடித்தால், இணங்க இருந்ததும் பின்வாங்கிவிடும். பீன்ஸ், அவரை, பட்டாணி வகைகள் புரதம் கொடுக்கும். நார்ச் சத்தை எல்லாக் காய்களுமே கொடுக்கும். ஒன்று மற்றொன்றுக்குக் கை கொடுக்கிறது. குடும்பம் மாதிரிதான்.

கல்யாணப் பந்தியில் அத்தை என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். அங்கே அவள் பரிமாற வேண்டிய அவசியம் இல்லை. பரிமாறுகிற பையன், ஆண் பெண் பாராமல், எல்லா இலையிலும் ஒரே அளவு போட்டுக்கொண்டு போனான். கீரைக் கூட்டு இரண்டாவது முறை வந்தது. அத்தை என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “கொஞ்சம் போடுப்பா” என்றாள்.

அத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். அவளுக்குக் கூட்டுப் பிடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்!

*

மூன்றாம் நாள் காலையில் மாமாவோடு காய்கறி வாங்கக் கிளம்பினேன். வழியிலே விஷயத்தை மெதுவாக ஆரம்பித்தேன்.

“மாமா, தினமும் வீட்டுக்கு எவ்வளவு காய் வாங்குவீர்கள்?”

“ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோ. இன்னிக்கு விக்கிற விலையில அதுவே அதிகம் மருமகனே!”

“அதில் உருளைக்கிழங்கு எவ்வளவு?”

“அரைக் கிலோ. பேரனுக்கு அது இல்லாட்டி ஆகாது.”

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி ஓர் ஆளுக்குத் தினம் கீரை, காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. குழந்தைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், ஐந்து பேருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ. உருளைக்கிழங்கைக் கழித்தால் வாங்குவது முக்கால் கிலோவுக்கு மேல் இல்லை. அந்த முக்கால் கிலோவிலும் பெரும் பகுதி மாமாவுக்கும் மகனுக்கும் போகிறது.

மாமா முகத்தைச் சுளித்தார். “ரெண்டு கிலோவா? சம்பளத்தை எல்லாம் சந்தையிலேயே கொட்டிட்டு வரச் சொல்றியா?”

“சாயங்காலம் சேவும் முறுக்கும் சிப்ஸும் வாங்குகிறீர்களே, அதில் பாதி போதும்” என்றேன். மாமா பதில் சொல்லவில்லை.

விலை உயர்ந்ததெல்லாம் சத்து என்று நினைப்பது நம்முடைய இன்னொரு தவறு. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகிறோம். நூறு கிராம் கொய்யாவில் ‘ஸி’ வைட்டமின் சுமார் 200 மில்லிகிராம். ஆப்பிளில் ஐந்துக்குள்தான்! ஆப்பிள் பாவம், நல்ல பழம்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்துக்குக் கொய்யா இரண்டு மடங்கு வாங்கி எல்லோரும் தின்னலாமே! அதே போலத்தான் முருங்கைக் கீரையும். அத்தை வீட்டுக் கொல்லையிலே மரமே நிற்கிறது. காயை மாத்திரம் பறித்துக்கொண்டு கீரையை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடு புத்திசாலி.

கடைசியில் மாமாவும் நானும் ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். கூடையில் நான்கு வர்ணம் இருக்க வேண்டும். பச்சைக்கு அரைக்கீரையும் புடலங்காயும். மஞ்சளுக்குப் பூசணிக் கீற்று. சிவப்புக்குத் தக்காளி. ஊதாவுக்குக் கத்தரிக்காய். இவற்றோடு நான்கு எலுமிச்சை, சாத்தூர் வெள்ளரிக்காய், அரைக் கிலோ கொய்யா. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். நாளைக்கு வேறு நான்கு வர்ணம்.

பப்பாளியை மாத்திரம் மாமா தொடவில்லை. “பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு” என்றார். காயின் பால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்பது மெய்தான். மற்றப் பழங்கள் இத்தனை இருக்கும்போது நானும் வாதாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொடியனைக் கூப்பிட்டு முருங்கைக் கீரை உருவுகிற உத்தியோகத்தைக் கொடுத்தேன். அரை மணி நேரம் வெகு மும்முரமாக உருவினான். பாதி தட்டிலும் பாதி தரையிலுமாக விழுந்தது. “இது யார் செய்த கீரை?” என்று கேட்டதும், “நான் செஞ்சது!” என்றான். அன்று இரண்டு வாய் தின்றான். இரண்டே வாய்தான். ஆனால் கோட்டைச் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டதல்லவா?

அத்தையிடம் ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன். அவளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை? காயை நறுக்கிய பிறகு கழுவாமல், கழுவிய பிறகு நறுக்கச் சொன்னேன். கீரையை வெகு நேரம் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், அந்த ஃபோலிக் சத்து சூட்டிலும் தண்ணீரிலும் போய்விடும் என்றேன்.

“அது சரி. இவ்வளவு காயையும் யாரு திங்கிறது?” என்றாள் அத்தை.

“நீங்கள்தான்.”

“எனக்கு எதுக்குய்யா? நான் வயசானவ.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு மக்கரிசன் துரையிடமும் பதில் இல்லை, லூசி அம்மாளிடமும் பதில் இல்லை. நானும் வாயடைத்து நின்றேன்.

அன்று பகல் பன்னிரண்டரை. இலை போட்டார்கள். வழக்கம் போல நான்கு இலை. மாமா வந்து உட்கார்ந்தார். இலைகளை எண்ணினார். எழுந்து போய் இன்னும் இரண்டு இலைகளைத் தாமே எடுத்து வந்து போட்டார். கூட்டுப் பாத்திரத்தை நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு, ஆறு இலையிலும் அவரே ஒவ்வொரு கரண்டியாகப் பரிமாறினார். அரைக்கீரை, பூசணிக்காய், கத்தரிக்காய் எல்லாம் அப்படியே. மகளின் இலையில் மட்டும் ஒரு கரண்டி கூட. அதன் மேல் அரை மூடி எலுமிச்சம்பழத்தைத் தாமே பிழிந்தார்.

அத்தை சமையற்கட்டு வாசலிலேயே நின்றாள். “நீங்க சாப்பிடுங்க. நான் அப்பறமா...” என்றாள்.

மாமா பேசவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தார். கரண்டியால் அதை டங் டங் என்று மூன்று தடவை அடித்தார்.

“நகரா அடிச்சாச்சு. வந்து உட்காரு” என்றார்.

பொடியன் கை கொட்டிச் சிரித்தான். அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மிளகாய்க் கை பட்டிருச்சு” என்றாள். வந்து உட்கார்ந்தாள்.

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நேற்று அத்தை மகள் டெலிபோனில் பேசினாள். டாக்டரம்மா வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தாராம், தினமும் சாப்பிடுகிறாளாம். அடுத்த வாரம் மறுபடி ரத்தப் பரிசோதனை. மாமா நகரா அடிப்பதைச் சில நாள் மறந்துவிடுகிறாராம். அப்போதெல்லாம் பொடியன் டம்ளரைத் தட்டுகிறானாம்.

வாசகர்களே! இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்களுக்கு ஒரு சிறிய வேலை. இன்று பகல் உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யாரோ, அவருடைய தட்டை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அதில் எத்தனை வர்ணம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளைச் சோறும் ஊறுகாயும் மாத்திரம்தான் இருக்கின்றன என்றால், நாளைக்கு நீங்களும் டம்ளரையும் கரண்டியையும் கையில் எடுக்க வேண்டியதுதான்!